பிக்கப்பில் கூடு அடிக்குமுன் தராசுக்குப் போங்கள்

இரண்டு வரிசை இருக்கையுள்ள கப் (சாரதி அறை) கொண்ட டபுள் கப் பிக்கப்பின் பின்பெட்டியில் படுக்கவும் சமைக்கவும் ஒரு கூடு அடித்து, மன்னார், திருகோணமலை, மலையகம் என்று நாட்கணக்கில் சுற்ற விரும்புவோர் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் கைபேசியில் ஒரு படமும் வாயில் ஒரு வசனமுமாக வருவார்கள்: "கொஞ்சம் உரமாய் அடிச்சு விடுங்கோ அண்ணை." வீட்டு யன்னலுக்குக் கிரில் அடிக்கும்போது அந்த உரம் நல்லது. வாகனத்தின் முதுகில் ஏறும் கூட்டுக்கு அதே உரம்தான் ஸ்பிரிங்கை முறிக்கும், வண்டியின் அடிச்சட்டமான சசியை வளைக்கும், இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்கும்.

ஆகவே இரும்பு வாங்க முன்னர் வண்டியை நிறுக்க வேண்டும். அரிசி ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் லொறி நிறுக்கும் தராசு இருக்கும். டாங்கி நிறைய டீசலோடும் சாரதியோடும் நிறுங்கள். பிறகு முன் சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி ஒரு தடவை, பின் சில்லுகளை மட்டும் ஏற்றி ஒரு தடவை. மூன்று எண்களையும் எழுதி வையுங்கள், பின்னர் தேவைப்படும். அடுத்து, கதவுத் தூணில் உள்ள தகட்டிலோ வாகனக் கைநூலிலோ தயாரிப்பாளர் அனுமதித்த மொத்த நிறை இருக்கும். உதாரணமாக அது 2,900 கிலோ, தராசு காட்டியது 2,080 கிலோ என்றால் மிச்சம் 820 கிலோ.

820 என்றால் தாராளம் போலத் தெரியும். எண்ணிப் பாருங்கள். இன்னொருவர் 65 கிலோ. தண்ணீர் 60 லீற்றர், அது 60 கிலோ. பிரிட்ஜும் அதற்குள் உள்ள சாப்பாடும் 35. சிறிய சமையல் எரிவாயு சிலிண்டர், நிறைந்தபடி, 12. லித்தியம் பற்றரி 13. இரண்டு சோலார் பனல் சட்டத்தோடு 18. மெத்தை, உடுப்பு 40. ஜாக்கி, சாவிகள், இழுவைக் கயிறு, மண்வெட்டி 40. குசினிச் சாமான் 25. வெயில் மறைப்பு 15. மொத்தம் 323. மிச்சம் 497. இதில் 820இன் 15 வீதமான 123 கிலோவைத் தொடாமல் விட வேண்டும். சேறு, நனைந்த துணி, வழியில் வாங்கும் பனங்கட்டிப் பெட்டி எல்லாம் அந்த 123க்குள்தான் ஏறப்போகின்றன. கூட்டுக்கு மிஞ்சுவது 370 கிலோ அளவில். இருவர் படுக்கும் கூட்டை 250 கிலோவுக்குள் முடிப்பதே புத்தி. நாலு பேர் போகும் குடும்பமென்றால் கூட்டை விடுங்கள். பெட்டிக்கு மேல் ஒரு கூடாரம் போதும்.

பின்னச்சுக்குப் பின்னால்

எவ்வளவு நிறை என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் கூடுதலாக அடிக்கும். டபுள் கப்பில் பின்னச்சு பெட்டியின் நடுவில் இல்லை, கப் பக்கமாகவே இருக்கிறது. அதனால் பெட்டியின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. பழைய கிணற்றுத் துலாவில் அடிப்பக்கம் கட்டிய கல் மறுநுனியைத் தூக்குவது போல, பின்னால் தொங்கும் நிறை முன் சில்லுகளைத் தூக்கும். கணக்கு எளிது: முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீற்றர் உள்ள வண்டியில், பின்னச்சுக்கு 1 மீற்றர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின்னச்சில் 133 கிலோ ஏறும், முன்னச்சில் 33 கிலோ குறையும். முன்பக்கம் இலேசானால் ஸ்டியரிங் மிதக்கும், முன் பிரேக் பிடிப்புக் குறையும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

படங்களில் அழகாக இருக்கும் பின்கதவுக் குசினி, பின்னால் மாட்டிய மேலதிக சில்லு, பின்மூலைத் தண்ணீர்த் தாங்கி மூன்றும் இதே பிழைதான். தண்ணீர்த் தாங்கியும் பற்றரியும் கப்பின் முதுகோடு ஒட்டி, தரையில் இருக்க வேண்டும். பின்கதவைக் கழற்றிவிட்டுக் கூட்டின் கதவையே பயன்படுத்தினால் 20 கிலோ அளவில், அதுவும் மிக மோசமான இடத்திலிருந்து, குறையும்.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் பலர் முதலில் கேட்பது ஸ்பிரிங்குக்குத் துணையாக அச்சுக்கும் சசிக்கும் இடையே வைக்கும் காற்றுப்பை. பட்டை ஸ்பிரிங் நிறையைச் சசியில் முன் கொளுவியிலும் பின் கொளுவியிலுமாக இரண்டு இடத்தில் இறக்குகிறது. காற்றுப்பையோ இரண்டுக்கும் நடுவே, அச்சுக்கு நேர்மேலே, ஒரே புள்ளியில் தள்ளுகிறது. பின்னால் பாரம் தொங்க, நடுவில் பை தள்ள, வண்டி கிடங்கில் விழுந்து எழும்பும்போது கப்புக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட பகுதியில் சசி வளையும். கப்புக்கும் பெட்டிக்கும் இடையிலான இடைவெளி மேலே விரிந்து கீழே குறுகித் தெரிந்தால், அல்லது சசியின் கீழ் விளிம்பில் வர்ணம் சுருங்கியிருந்தால், வண்டியை ஓடாதீர்கள். எப்போதும் கூடு ஏறியிருக்கும் வண்டிக்கு அந்த நிறைக்கேற்ற பட்டை செட்டும் அதற்கேற்ற ஷொக் அப்சோபரும் போடுவதே சரி. எந்த ஸ்பிரிங் போட்டாலும் தகட்டில் உள்ள மொத்த நிறை வரம்பு உயராது. அதை ஸ்பிரிங் மட்டுமல்ல, பிரேக், அச்சு, பேரிங், சசி எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் உள்ள எண்ணையும் பாருங்கள். 112 என்றால் ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும். கார் ரக மென்ரயர் போட்ட பிக்கப்புகள் இங்கே குறைவில்லை.

எதில் அடிப்பது

ஒரு அங்குல இரும்புப் பாக்ஸ் பார், 1.6 மில்லிமீற்றர் தடிப்பு, மீற்றருக்கு 1.2 கிலோ. அதே அளவு அலுமினியம் 0.4 கிலோ. கூட்டுக்கு 60 மீற்றர் போகுமென்றால் 72க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம். 12 மில்லிமீற்றர் பிளைவூட் சதுர மீற்றருக்கு 7 கிலோவுக்குக் குறையாது. அதைச் சுவர், கூரை எங்கும் அடித்தால் பலகை மட்டுமே 150 கிலோவைத் தொடும். நிலத்துக்கு 9 மில்லிமீற்றர் மரீன் பிளைவூட், உட்சுவருக்கு 3 மில்லிமீற்றர், நடுவே 25 மில்லிமீற்றர் அழுத்திய போம், வெளியே 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு என்று போனால் யன்னல், கதவு, அலுமாரி எல்லாம் சேர்த்து 200 கிலோ அளவில் முடிக்கலாம். அலுமாரிக் கதவுகளுக்குப் பலகை தேவையில்லை. வலையோ துணியோ போதும்.

பைபர் கிளாஸ் யாழ்ப்பாணத்துக்குக் கைவந்த தொழில். காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலைக் காலத்திலிருந்து படகு வார்ப்பும் ஒட்டும் தெரிந்த கைகள் இங்கே உண்டு. கூட்டின் மூலைகளுக்கும் கூரைக்கும் அதைவிட நல்லது இல்லை. இரண்டு விடயங்கள் மட்டும் கவனம். படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் ரெஜிபோமைக் கரைத்துவிடும். அழுத்திய நீல, இளஞ்சிவப்புப் போம் பலகையும் அதே இனம்தான், அதுவும் கரையும். போமின் மேல் நேரே பூசுவதானால் எபொக்ஸி ரெசின் வேண்டும். அல்லது பொலியூரத்தேன் போம் பலகை வாங்குங்கள். இரண்டாவது, ஹார்ட்னரையும் கோபால்ற் ஊக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ற்றைக் கரைத்து, பின்னரே ஹார்ட்னர். சித்திரை வெயிலில் நண்பகலில் வார்க்காதீர்கள். தூரிகை வைக்குமுன் இறுகிவிடும்.

உப்புக்காற்று நம்முடைய தனிப் பிரச்சினை. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகாணியை நேரே இறக்கினால், ஈர உப்பில் இரண்டும் சேர்ந்து பற்றரி போல வேலை செய்து ஆணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். நைலோன் வாசரும், துளைக்குள் கொஞ்சம் சீலரும் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும், பூசும்போது வினாகிரி மணம் வரும் சிலிக்கன் இங்கே ஆகாது. அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும், மேலே வர்ணமும் ஒட்டாது. சிக்காஃப்ளெக்ஸ் போன்ற பொலியூரத்தேன் சீலர் வேண்டும். கழுவும்போதும் கவனம்: கரையோரக் கிணற்று உவர் தண்ணீரில் சசியைக் கழுவினால் கறளைக் கழுவிச் சேர்ப்பதாகும். மணற்காட்டுப் பக்கம் ஓடிவந்த அன்றே நல்லதண்ணியால் அடிப்பகுதியை அடியுங்கள்.

கூட்டைப் பெட்டித் தகட்டில் போல்ட் அடித்து நிறுத்தாதீர்கள், தகடு கிழியும். நான்கு மூலையிலும் சசியில் பிடித்த கொளுவிகளிலிருந்து டேர்ன்பக்கிளால் (முறுக்கி இறுக்கும் திருகால்) இழுத்துக் கட்டுங்கள். கொளுவியைச் சசியின் ஏற்கனவே உள்ள துளைகளில் மாட்ட வேண்டும். சசியின் மேல், கீழ் விளிம்பில் புதிதாகத் துளைக்கவோ வெல்டிங்கால் ஒட்டவோ கூடாது. வேறெங்காவது ஒட்டுவதானாலும் பற்றரி வயரைக் கழற்றிய பிறகுதான், இல்லையேல் எஞ்சினின் கணினி போய்விடும். பெட்டியின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றி 10 மில்லிமீற்றர் இறப்பர் விரியுங்கள். பிளாஸ்ரிக்கின் மேல் கூடு வழுக்கும்.

நெருப்பும் மூச்சும்

வீட்டு வயரிங் வேலை தெரிந்தவர்கள் வாகனத்துக்கும் அதே வயரைப் பாவிப்பதுண்டு. தனிக்கம்பி வயர் அதிர்வில் உள்ளே முறிந்து, முறிந்த இடம் சூடாகும். பல மெல்லிழை வயர்தான் வேண்டும். நுனியை ஈயம் வைத்து ஒட்டாமல் லக் போட்டு நசுக்க வேண்டும். தடிப்பு அதைவிட முக்கியம். முன் பற்றரியிலிருந்து கூட்டுக்கு 5 மீற்றர், போக வர 10 மீற்றர். 30 அம்பியர் ஓடினால் 6 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறத்தாழ 0.9 வோல்ற் வழியிலேயே போய்விடும், பற்றரி நிறையாது. 16 சதுர மில்லிமீற்றர் என்றால் 0.33 வோல்ற்தான். இரு நுனியிலும், பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள், பியூஸ் கட்டாயம். பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையே வெறும் வயர் ஓடும் இடம்தான் தேய்ந்து தீப்பிடிக்கும் இடம்.

100 அம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரியில் 1.28 கிலோவாற்-மணி இருக்கிறது, பெரும்பகுதியைப் பாவிக்கலாம். அதே அளவு ஈயப் பற்றரி இரண்டு மடங்கு நிறை, பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும். விலைதான் வித்தியாசம். நம் வெயிலில் 40 லீற்றர் பிரிட்ஜ் நாளுக்கு 30 முதல் 40 அம்பியர்-மணி இழுக்கும், 200 வாற் பனல் தெளிந்த நாளில் அதை ஈடு செய்யும். லித்தியம் பற்றரியை எஞ்சின் அறைக்குள் வைக்க வேண்டாம். சூட்டில் கெட்டுவிடும்.

எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தில் தேங்கி, பிரிட்ஜ் சுவிட்ச் பொறியில் பிடிக்கும். சிலிண்டர் கூட்டின் உட்பகுதியோடு தொடர்பில்லாத, வெளியே திறக்கும் பெட்டியில், அடியில் துளையோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சமையலை வெளியே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மீன் பொரித்த மணம் மெத்தையிலிருந்து இலேசில் போகாது.

நுவரெலியாக் குளிரில் கதவு யன்னல் எல்லாம் பூட்டி, அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே வைத்துச் சூடேற்றுவது உயிரைக் கொல்லும். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டபடி உறங்குவதும் அப்படியே. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவர் எழும்ப மாட்டார். அலாரம் ஒன்றை உறங்கும் தலை மட்டத்தில் மாட்டுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்றாகக் காற்றுத் துளைகள் எப்போதும் மூடாமல் இருக்க வேண்டும். இருவர் மூச்சில் வரும் ஈரம் சுவரில் வழிந்து பூஞ்சணம் பிடிப்பதையும் அதே துளைகள் தடுக்கும்.

தண்ணீருக்கு ஒரு வார்த்தை. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. சிறு பம்பின் வால்வில் வெள்ளைப் படலம் பிடித்து அடைக்கும். பம்புக்கு முன் ஒரு வடிகட்டியும், மாதமொரு தடவை வினாகிரி கலந்த தண்ணீரை ஓடவிடுவதும் காணும்.

வீதிக்கு முன்

கூட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது படுக்கையல்ல, உங்கள் ஒழுங்கை. தொங்கும் மின்வயரும் மாங்கொப்பும் எந்த உயரத்தில் என்று அளந்துவிட்டு வாருங்கள். நிறுத்தும்போது மட்டும் உயரும் கூரை இங்கே நன்றாகப் பொருந்தும். சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்திலும் சங்குப்பிட்டியிலும் ஆனையிறவிலும் பக்கக்காற்று உயர்ந்த கூட்டை உதைக்கும். அதனால் கூரைமேல் பெட்டி ஏற்றாதீர்கள்.

வாகனத்தின் உடலமைப்பை மாற்றும் எதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பெறுங்கள். கழற்றக்கூடிய கூடா, நிரந்தரமானதா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் படத்தோடு அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் வந்து நிற்கும். ஓடும்போது கூட்டுக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும். தேசிய பூங்காக்களுக்குள் இரவு தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதியும் குறித்த இடமும் வேண்டும். யானை நடமாடும் இடங்களில் உப்பும் பழமும் கூட்டுக்குள் மணக்க விடாதீர்கள்.

முதல் ஓட்டம் மலையகமாக இருக்கக்கூடாது. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி மறுபடி தராசுக்குப் போய், மூன்று எண்களையும் முதல் எழுதியவற்றோடு வைத்துப் பாருங்கள். முன்னச்சு முன்பிருந்ததைவிட இலேசாகியிருந்தால் சாமானை முன்னே நகர்த்தி மறுபடி நிறுங்கள். பிறகு நாவற்குழி, பூநகரி வழியாக மன்னார் போய் வாருங்கள். சமதரை, ஏதும் கழன்றாலும் ஆபத்துக் குறைவு. 50 கிலோமீற்றரில் ஒரு தடவை நிறுத்தி டேர்ன்பக்கிள்களை இறுக்குங்கள், 200இல் ஸ்பிரிங்கின் யூ-போல்ட்களையும் சில்லு நட்களையும். சில்லுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடென்றால் பேரிங் அல்லது பிரேக். பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மகியங்கனை இறக்கத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். ஈரம் உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாக, மிதி பலகை வரை போகும். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.