மைக்குக்கு மைக் வேறு எண் வைத்தால் மட்டும் போதாது

சென்ற மாதம் கடலூரில் ஒரு நாடகத்துக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். கடைசிக் காட்சியில் அப்பாவும் மகனும் கட்டித் தழுவ, எதிரே நின்று அம்மா பேச வேண்டும். தழுவிய நொடியில் அம்மாவின் குரல் போய் 'கர்ர்ர்' என்று இரைச்சல் கிளம்பியது. இருவரும் விலகியதும் குரல் திரும்பியது. மறுபடி தழுவினார்கள், மறுபடி இரைச்சல். அந்த நடிகை கழுத்து நரம்பு புடைக்கத் தொண்டையாலேயே பேசி முடித்தார். மூன்று மாத ஒத்திகை இப்படியா முடிய வேண்டும்? இந்த ஆண்டில் இப்படி இரைச்சல் கிளம்பி நான் பார்க்கும் நான்காவது அரங்கம் இது.

"எல்லாம் புது வயர்லெஸ் மைக் சார். ஒவ்வொன்றையும் வேறு வேறு எண்ணில்தான் வைத்தோம்" என்றார்கள் நாடகக் குழுவினர். மைக்குகள் அனுப்பும் அலையை வாங்கும் ரிசீவர்களில் அந்த எண்களை, அதாவது அதிர்வெண்களைப் பார்த்தேன். அப்பா 520 மெகாஹெர்ட்ஸ், மகன் 521, அம்மா 522. இந்தச் சீரான வரிசைதான் வினை.

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். நடிகர்கள் இடுப்பில் கட்டியிருக்கும், அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பெட்டிகள் இரண்டு நெருங்கினால் அவற்றின் அலைகள் கலந்து, யாரும் அனுப்பாத புது அலைகள் பிறக்கும். அவை எங்கே விழும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஓர் எண்ணை இரட்டித்து மற்றதைக் கழியுங்கள். 521-ஐ இரட்டித்தால் 1042; அதில் 520 போனால் 522. அதுதான் அம்மாவின் எண்! தழுவும்போது இடுப்புப் பெட்டிகள் இரண்டும் ஒரு சாண் இடைவெளிக்கு வந்துவிடுகின்றன. கலப்பு அலை அப்போதுதான் வலுக்கிறது. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் போட்டு "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தால் இது எந்தக் காலத்திலும் தெரியாது.

மறுநாள் அதே மைக்குகளை 520, 521.1, 523.5 என்று மாற்றி வைத்து, இருவரையும் தழுவச் சொன்னேன். ஒரு இரைச்சலும் இல்லை. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டும் என்றும் இல்லை. ரிசீவரில் 'குரூப்' என்று இருக்கிறதே, அதில் மைக் தயாரிக்கும் நிறுவனத்தாரே ஒன்றோடொன்று மோதாத எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வையுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஆளுக்கொரு குரூப்பில் வைக்காதீர்கள்.

வாங்கும்போது விலைக்கு முன்னால் அதிர்வெண்ணைக் கேளுங்கள். 700 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய செட் மலிவாகக் கிடைக்கும். அமெரிக்காவில் 2010-லேயே அந்த வரிசையில் மைக் பயன்படுத்தத் தடை வந்துவிட்டது. இங்கே 2022 அலைக்கற்றை ஏலத்தில் அது 5ஜி சேவைக்குப் போய்விட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் கடையிலும் காலி அரங்கிலும் நன்றாகப் பாடும். முந்நூறு பேர் கைப்பேசியோடு வந்து உட்கார்ந்த பிறகு, வைஃபையும் புளூடூத்தும் நெருக்கும் அதே இடத்தில்தான் உங்கள் கதாநாயகனும் பேசியாக வேண்டும். மலிவில் எட்டு வாங்கும் பணத்தில் நல்லதாக நான்கு வாங்குங்கள். கூட்டமாக நிற்பவர்களுக்கு மேடை விளிம்பில் வயர் மைக் போதும்.

ரிசீவரை அரங்கின் கடைசியில் ஒலி மிக்சர் கருவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேடையோரம், நடிகர்கள் கண்ணில் படும் இடத்தில், எல்இடி திரையை விட்டுத் தள்ளி வையுங்கள். இடுப்புப் பெட்டியின் ஆன்டெனாவை மடக்கி வேட்டிக்குள் செருகாதீர்கள். வியர்வையில் நனைந்த உடம்பு அலையைக் குடித்துவிடும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூக்கின்றன, வாரம் ஒருமுறை துடையுங்கள். ஒவ்வொரு முறை நாடகம் போடும்போதும் புது பேட்டரி. தயவுசெய்து இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அலை சோதனையைக் காலையில் செய்து பயனில்லை, நாடகம் நடக்கும் நேரத்திலேயே செய்யுங்கள். புதுச்சேரியில் முகூர்த்த நாள் மாலை என்றால் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலும் ஒரு மைக் செட் ஓடிக்கொண்டிருக்கும். நேரில் போய் அவர்களுடைய எண்களைக் கேட்டுக் குறித்து வாருங்கள். கேட்டால் சொல்வார்கள், அவர்கள் மேடையிலும் அன்றைக்கு மைக் கரகரக்கக் கூடாது அல்லவா.