மேலூர்க்காரருக்கு நாலு மொழி

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே காக்கசஸ் மலைத்தொடர். தெற்கே ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான். வடக்கே ரஷ்யாவைச் சேர்ந்த செச்னியா, தாகெஸ்தான் முதலிய குடியரசுகள். தெற்கிலுள்ள மூன்று நாடுகளும் அண்டை வீட்டுக்காரர்கள்தான். ஆனால் ஆர்மீனிய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், அஜர்பைஜானி துருக்கியக் குடும்பம். ஜார்ஜிய மொழிக்கோ அதன் சின்னக் குடும்பத்தைத் தாண்டி உலகில் சொந்தமே தெரியவில்லை. தாகெஸ்தானில் மட்டும் 30 மொழிகளுக்கு மேல் பேசுகிறார்கள்.

ஏன் இத்தனை? மலை மக்களைப் பிரித்துவைத்தது என்பார்கள். பாதி உண்மைதான். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்தபோது புல்வெளியில் வாழ்ந்த ஆலன்கள் மலைக்குள் ஒதுங்கினார்கள். அவர்கள் வழிவந்த ஒசேத்தியர்கள் இன்றும் ஓர் ஈரானிய மொழியைப் பேசுகிறார்கள். ஆனால் மலை வெறும் சுவர் என்றால், மேலே இருப்பவர்களுக்குக் கீழே உள்ளவர்களின் பேச்சு தெரிந்திருக்கக் கூடாது. அங்கே நடந்தது நேர்மாறு.

தாகெஸ்தானின் ஆர்ச்சி ஊரைப் பாருங்கள். 2,000 மீட்டருக்கு மேலே சில குடியிருப்புகள். ஆர்ச்சி மொழி பேசுவோர் ஆயிரத்துச் சொச்சம் பேர். இந்த மொழியில் ஒரே வினைச்சொல்லுக்கு 15 லட்சத்துக்கும் அதிகமான வடிவங்கள் சாத்தியம் என்று மொழியியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் லக் மொழிக்காரர்களும் அவார் மொழிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆர்ச்சிக்காரர்கள் இரண்டையும் சரளமாகப் பேசிவந்தார்கள். அக்கம்பக்கத்தாரில் ஆர்ச்சி கற்றவர்கள் மிகக் குறைவு.

காரணம் பிழைப்பு. மேலே படிக்கட்டு வயல்களில் விளைவது ஆண்டு முழுக்கப் போதாது. குளிர்காலத்தில் ஆட்டு மந்தையைக் கீழே ஓட்டியாக வேண்டும். சந்தையும் கூலி வேலையும் கீழேதான். தேவை உள்ளவர் கற்றார், இல்லாதவர் கற்கவில்லை. அதனால் பொதுவாக ஊர் உயர உயர, ஓர் ஆளுக்குத் தெரிந்த மொழிகளின் எண்ணிக்கையும் ஏறியது.

சரி, பெரிய மொழி தெரிந்த பின்பும் சின்ன மொழியை ஏன் விடவில்லை? விடை கல்யாணத்தில் இருக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே. அம்மா அப்பா இருவருக்கும் ஒரே மொழி. மந்தையோடு ஆண்கள் இறங்கிப் போனாலும் பெண்களும் குழந்தைகளும் மேலேயே இருந்தார்கள். வெளி மொழிகள் ஆண்களின் வாயில் வந்து போயின. அடுப்படியில் ஆர்ச்சி மட்டுமே. எனக்கு இந்த ஏற்பாடு பெரும் வியப்பு. யாரும் திட்டமிட்டு மொழியைக் காக்கவில்லை, வாழ்ந்த விதமே காத்தது.

அந்த விதம் குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உபிக் மொழி சாட்சி. தமிழில் மெய்யெழுத்து 18. உபிக்கில் மெய்யொலிகள் 80க்கு மேல். 1864இல் ரஷ்யப் பேரரசு மேற்குக் காக்கசஸைப் பிடித்தபோது உபிக் மக்கள் தங்கள் மண்ணை விட்டு உஸ்மானியப் பேரரசுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அங்கே சிதறிக் குடியேறியதும் உறவு மொழியான சர்க்கேசியமும் துருக்கி மொழியும் வீட்டுக்குள் வந்துவிட்டன. உபிக்கைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் தெவ்ஃபிக் எசென்ச் 1992இல் மறைந்தார். இந்த வரியை எழுதும்போதே மனசு கனக்கிறது.

தாகெஸ்தானில் இப்போது பொதுப்பேச்சு ரஷ்ய மொழி. பக்கத்து ஊர் மொழியைக் கற்கும் தேவை குறைந்துவிட்டது. அப்புறம், மலையூர்களிலிருந்து பலர் கடலோரத் தலைநகரான மக்கச்கலாவுக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே அவார் அப்பாவுக்கும் லக் அம்மாவுக்கும் பிறக்கும் குழந்தை வீட்டில் பேசுவது பெரும்பாலும் ரஷ்ய மொழியைத்தான்.