தாமரை இலைத் தண்ணீரும் கதவுப் பலகையும்

ஒரு வாசகர் தன் காரின் கதவைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்ணாடி ஏறி இறங்கவில்லை என்று, வண்டி வாங்கிய டீலரின் பணிமனையிலேயே விட்டிருக்கிறார். கண்ணாடி சரியாகிவிட்டது. ஆனால் திரும்பி வந்த வண்டியில், கதவின் உட்பக்கப் பலகை கீழ் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது. மறுபடி கொண்டுபோனார். உள்ளே உடைந்திருந்ததைப் பசை போட்டு ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் பிளந்தது. போதாததற்கு, விளிம்பைச் சுற்றிச் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைக் கறை வேறு. மூன்றாம் முறை போனபோது, இன்னும் வலுவான பசை போட்டுத் தருவதாகச் சொல்கிறார்களாம். அதை நம்பி வண்டியை விடலாமா என்று கேட்கிறார்.

விட வேண்டாம். உலகிலேயே வலுவான பசையை வாங்கி வந்தாலும் அந்தப் பலகை நிற்காது. குறை பசையின் வலுவில் இல்லை.

பலகை எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கைப்பிடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு மூன்று திருகுகள் தவிர, விளிம்பு நெடுகப் பிளாஸ்டிக் கிளிப்புகள் வரிசையாக இருக்கும். கதவுத் தகட்டின் துளைக்குள் நுழையும்போது சுருங்கி, நுழைந்த பிறகு விரிந்து பிடித்துக்கொள்வது கிளிப்பின் தலை. அதன் அடிப்பகுதி, பலகையின் முதுகில் வார்க்கப்பட்ட சிறிய கூடு போன்ற இருக்கையில் உட்கார்ந்திருக்கும். கழற்றுகிறவர் ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் தட்டையான நெம்பியை விட்டு நேராக வெளியே தள்ள வேண்டும். அவசரத்தில் பலகையின் ஓரத்தைப் பிடித்துச் சாய்வாக இழுத்தால், கிளிப் தப்பிவிடும், இருக்கை கிழிந்துவிடும். இருக்கை போனபின் புதுக் கிளிப் வாங்கினாலும் அதை மாட்ட இடமில்லை. வாசகரின் கதவில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கிழிந்த இருக்கையைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பலகையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஒரு மூலையில், இரண்டு அம்புக்குறித் தலைகளுக்கு நடுவே சில எழுத்துகள் புடைப்பாக இருக்கும். மறுசுழற்சிக்காகப் பொருளின் பெயரைக் குறிக்கும் முறை அது. பெரும்பாலான கதவுப் பலகைகளில் 'பிபி' என்று தொடங்கும். கூடவே 'இபிடிஎம்', 'டிடி20' என்றும் இருக்கலாம். பாலிபுரொப்பிலீனோடு கொஞ்சம் ரப்பர் கலந்து, இருபது சதவீதம் டால்க் என்ற கனிமத்தூள் சேர்த்தது என்று பொருள். எடை குறைவு, விலை குறைவு, உடையாமல் வளையும், எண்ணெயோ அமிலமோ பட்டால் அசைந்து கொடுக்காது. இந்த நல்ல குணங்கள் எங்கிருந்து வருகின்றனவோ, அங்கிருந்தேதான் அதன் ஒட்டா குணமும் வருகிறது.

பசை எப்படி ஒட்டுகிறது? திரவமாகப் போய் எல்லாப் பள்ளங்களிலும் பரவி, பிறகு இறுகுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரிதான். ஆனால் இறுகிய பிறகு, பசையின் மூலக்கூறையும் பலகையின் மூலக்கூறையும் எது சேர்த்துப் பிடிக்கிறது? எனக்கு அலுக்காத கேள்வி இது.

எந்த மூலக்கூறிலும் எலக்ட்ரான்கள் ஓய்ந்து நிற்பதில்லை. ஒரு கணம் இந்தப் பக்கம் சற்று அதிகம், மறுகணம் அந்தப் பக்கம் அதிகம். அந்த ஒரு கணத்தில் மூலக்கூறின் ஒரு முனை எதிர்மின், மறுமுனை நேர்மின். பக்கத்தில் இருக்கும் மூலக்கூறு அந்த அசைவை உணர்ந்து தன் எலக்ட்ரான்களை ஒதுக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஈர்ப்பு பிறக்கிறது. அடுத்த கணம் எல்லாம் தலைகீழாகத் திரும்பினாலும் இரண்டும் சேர்ந்தே திரும்புவதால் ஈர்ப்பு மட்டும் நிலைத்திருக்கிறது. 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளர் குவாண்டம் கணக்கின் வழியாக இதை விளக்கினார். பல்லி சுவரில் ஓடுவதும் முக்கியமாக இந்தக் குடும்பத்து விசையால்தான். அதன் விரலடியில் பசை கிடையாது. இலட்சக்கணக்கான மெல்லிய மயிர்கள் நுனியில் பிரிந்து பிரிந்து சுவரை நெருங்கித் தொடுகின்றன. அந்த நெருக்கமே அதைத் தாங்குகிறது.

நெருக்கம் என்ற சொல்லை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே இந்த ஈர்ப்பின் ஆற்றல், தூரத்தின் ஆறாவது அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒன்றோ எட்டில் ஒன்றோ அல்ல, அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடும். மூன்று மடங்கு விலகினால் எழுநூற்று இருபத்தொன்பதில் ஒன்று. ஆகவே பசையும் பலகையும் ஒரு நானோமீட்டருக்கும், அதாவது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும், குறைவான இடைவெளியில் அணைந்து கிடக்க வேண்டும். நடுவே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலும், கண்ணுக்கு ஒட்டியதுபோல் தெரியும், அவ்வளவுதான். ஒட்டுதலின் முதல் வேலை நனைத்தல். நனைக்காத பசை, எத்தனை வலுவானதாக இருந்தாலும், அந்த வலுவைக் காட்ட வாய்ப்பே கிடைக்காமல் போகும்.

ஒரு திரவம் பரப்பை நனைக்குமா, குமிழாக நிற்குமா என்பதைச் சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணம், சொல்லிவிடும். ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் 1805இலேயே அதை விளக்கிவிட்டார். பொதுவாகச் சொன்னால், திரவம் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும் பரப்பு இழுவிசையைவிட, திடப்பொருள் பிறவற்றைத் தன்மேல் இழுக்கும் பரப்பு ஆற்றல் அதிகமாக இருந்தால் திரவம் பரவும். குறைவாக இருந்தால் தன்னைச் சுருட்டிக்கொள்ளும். தண்ணீரின் எண் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்சி போன்ற பசைகளுக்கு 40க்கு மேல். இரும்பும் கண்ணாடியும் சுத்தமாக இருந்தால் பல நூறு; அவற்றின்மீது எதுவும் ஆசையாகப் பரவும். பாலிபுரொப்பிலீனுக்கோ ஏறத்தாழ 30தான். அதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி; அந்தச் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டும் எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்டச் சம பலத்தோடு இழுப்பதால், நிலையான மின்முனை எதுவும் அதில் உருவாவதில்லை. பசை பிடித்துக்கொள்ளக் கொம்பில்லாத வழவழப்பான மரம் அது.

தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டியும் ஒட்டாமலும் என்று நாம் சொல்வது இயற்பியலாகவும் சரியானது. தாமரை இலையின் மேல்தோலில் மெழுகு இருக்கிறது. மெழுகும் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிதான், பாலிபுரொப்பிலீனின் நெருங்கிய உறவு. இலை அதன்மேல் நுண்ணிய மேடுகளையும் எழுப்பி வைத்திருப்பதால் துளி முத்தாக உருள்கிறது. கதவுப் பலகையில் அந்த மேடுகள் இல்லை. ஆனாலும் ஒரு துளித் தண்ணீர் விட்டால் 90 பாகையைத் தாண்டிய கோணத்தில் குமிழாக நிற்கும். அதே துளியைச் சுத்தமான கண்ணாடியில் விட்டால் படர்ந்துவிடும். பசை கையில் எடுக்கும் முன்பு செய்ய வேண்டிய சோதனை இது, ஒரு நிமிடம்கூட ஆகாது.

வாசகர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விட்டுப்போன இடத்தில் பசை எங்கே இருக்கிறது? பசை கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால், பசையின் வலு போதவில்லை என்று பொருள். ஒரு பக்கம் பளிச்சென்று சுத்தமாக இருந்து, பசை முழுவதும் படலமாக உரிந்து வந்திருந்தால், அது ஒருபோதும் ஒட்டியிருக்கவே இல்லை. பாலிபுரொப்பிலீனில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அப்படியிருக்க, வலுவான பசை என்பது கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை. கெட்டியாகப் பூசினால் கெட்டியாக நிற்கும் என்ற எண்ணமும் அப்படித்தான். பல பசைகளில் தடித்த படலம் மெல்லியதைவிட எளிதில் பிளக்கும். இதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். காரணம் கேட்காமல், கை மாறிக் கை மாறி வரும் நம்பிக்கைக்கு வேறு என்ன பெயர்?

வெள்ளைக் கறைக்கு வருகிறேன். அது சயனோஅக்ரிலேட், நொடியில் பிடிக்கும் சிறு குப்பிப் பசை. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரப்பதம் தொட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. அதிகமாகப் பூசினால், இறுகாமல் மிஞ்சியது ஆவியாகி, பக்கத்தில் உள்ள பரப்பில் படிந்து வெண்தூளாக இறுகுகிறது. கைரேகை எடுக்கத் தடயவியலார் வேண்டுமென்றே இந்த ஆவியைப் பயன்படுத்துகிறார்கள். ரேகை விட்டுச்சென்ற ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் அது வெள்ளையாகப் படிந்து கோடுகளைக் காட்டிவிடும். கருத்த பலகையில் அதுவே அலங்கோலம்.

பணிமனைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. வண்டியை ஒப்படைக்கும் முன் உட்புறம் முழுவதும் பளபளக்க ஒரு திரவம் தெளித்துத் துடைப்பார்கள். அதில் சிலிகோன் எண்ணெய் இருந்தால், பரப்பின் எண் 30இலிருந்து 20ஐ ஒட்டி இறங்கிவிடும். ஏற்கெனவே ஒட்டாத பொருளுக்கு மேலும் ஒரு கவசம்.

அப்படியானால் கார் தொழிற்சாலைகளில் இதே பிளாஸ்டிக்கின்மேல் வண்ணமும் துணியும் எப்படி ஒட்டுகின்றன? பரப்பை மாற்றிவிட்டுத்தான் ஒட்டுகிறார்கள். ஒரு தீச்சுடரைப் பலகையின்மேல் நொடிக்கும் குறைவாக ஓடவிடுகிறார்கள். அல்லது மின்பொறியாலோ பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவாலோ தடவுகிறார்கள். உருகும் முன்பே, மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் புகுந்து சங்கிலியோடு இணைகிறது. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும், மின்முனைகள் உருவாகின்றன. சற்றுமுன் குமிழாக நின்ற துளி இப்போது படர்கிறது! பொருள் அதே பொருள், எடை அதே எடை, கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இந்த வரம் நிரந்தரமும் அல்ல. நாள் செல்லச் செல்லச் சங்கிலிகள் மெல்லப் புரண்டு ஆக்சிஜனை உள்ளே மறைத்துக்கொள்ளும். அதனால் தடவிய கையோடு ஒட்ட வேண்டும். பணிமனையில் இதற்கு மாற்றாக, பாலிபுரொப்பிலீனுக்கென்றே விற்கப்படும் முன்பூச்சு உண்டு. அதைப் பூசாமல் பசை மட்டும் போட்டது பாதி வேலைகூட அல்ல.

இந்தப் பிளாஸ்டிக் வந்த வழியையும் சொல்ல ஆசை. வேதியியலாளர் கார்ல் ஸீக்லர் ஜெர்மனியில் நிலக்கரி ஆய்வுக்கென்று இருந்த நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, நிலக்கரியோடு நில்லாமல் தான் விரும்பிய கார்பன் வேதியியலைச் செய்ய உரிமை வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவருடைய ஒரு சோதனை எதிர்பாராத வழியில் போனது. கலனில் தங்கியிருந்த நிக்கல் துகள்களே காரணம் என்று கண்டுபிடித்து, பிற உலோகங்களையும் வரிசையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தத் தேடலில் கிடைத்த வினையூக்கியைக் கொண்டு, இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954இல் சங்கிலி சீராக அமைந்த பாலிபுரொப்பிலீனைச் செய்தார். 1963இல் இருவருக்கும் வேதியியல் நோபல். ஆய்வுக்குப் பணம் தரும்போதே உடனடிப் பயன் என்ன என்று எழுதித் தரச் சொல்கிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். ஒரு துளியின் கோணத்தை ஆராய்ந்த யங்கிடம் யாராவது பயன் கேட்டிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார்?

கதவுக்குத் திரும்புவோம். பசை உண்மையிலேயே பிடித்தாலும் ஆபத்து உண்டு. கனிமத்தூள் கலந்த பாலிபுரொப்பிலீன் வெப்பத்தில் இரும்பைப்போல் ஐந்தாறு மடங்கு விரியும். வெயிலில் நின்ற வண்டிக்குள் வெப்பநிலை 40 பாகை ஏறினால், ஒரு மீட்டர் இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர் நீளும். பலகை இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை நீளப் பார்க்கும். இதற்காகத்தான் கிளிப்பின் இருக்கைகள் பல இடங்களில் நீள்வடிவத் துளைகளாக இருக்கின்றன. கிளிப் அதில் வழுக்கி இடம்விடும். பலகையைத் தகட்டோடு ஒட்டியோ, புதுத் துளை போட்டுத் திருகியோ அசையாமல் கட்டினால், நீளம் போக இடமின்றிப் பலகை நடுவில் புடைக்கும், குளிரில் கிறீச்சிடும்.

ஆகவே வாசகர் பசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிழிந்த இருக்கைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் கையில் உடைந்தது என்பதால் பலகையையும் கிளிப்புகளையும் புதிதாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். பழைய கிளிப்பைத் திரும்ப மாட்டவும் விடக்கூடாது. பல கிளிப்புகள் ஒருமுறைக்கென்றே செய்யப்பட்டவை. பலகை கிடைக்கவே இல்லை என்றால் பிளாஸ்டிக் பற்றவைப்பு தெரிந்தவரிடம் போகலாம். பாலிபுரொப்பிலீன் சுமார் 160 பாகையில் உருகும். அதே பொருளாலான கம்பியை உருக்கிச் சேர்த்தால், இரண்டின் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொண்டு ஒரே துண்டாக இறுகும். அந்நியப் பசை எதையும் ஏற்காத அந்தப் பொருள், தன் இனத்தோடு மட்டும் இவ்வளவு எளிதாகக் கலந்துவிடுகிறது.