பதினாறாம் நாள் கையெழுத்து

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால், காரியம் முடிந்த கையோடு எனக்கு ஒரு போன் வரும். "வக்கீலம்மா, தங்கச்சிக ரெண்டு பேரும் நாளைக்கு ஊருக்குக் கிளம்பறாங்க. அதுக்குள்ள ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுரலாங்களா?" கொங்குப் பகுதியில் ஒரு தாலுகா நீதிமன்றத்தில் இருபது வருடத்துக்கு மேலாக சிவில் வழக்கு நடத்துகிறேன். இந்த போன் வராத மாதம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

அந்தப் பத்திரத்தில் ஒரு வாசகம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். 'எனக்குத் திருமணத்தின்போதே நகை, சீர்வரிசைகள் செய்து கொடுத்துவிட்டபடியால், எவருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன் என் பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன்.' சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பெண்ணை கேமரா முன்னால் உட்காரவைப்பார்கள். விரல் ரேகை எடுப்பார்கள். "சம்மதம்தானேம்மா?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்ப்பார். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அந்தப் பார்வை எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாத்தா வழியில் வந்த ஆறு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. இரண்டு அண்ணன் தம்பிகள், இரண்டு அக்கா தங்கைகள். அக்காவுக்கு 1986-ல் கல்யாணம், தங்கைக்கு 1990-ல். அப்பா 2003-ல் இறந்தார். அப்போது தங்கையிடம் மட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. 'எண்பத்தொன்பதுக்கு முன்னால கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது, அவ கையெழுத்து எதுக்கு' என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

1989 ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பெண்ணுக்கு ஆணோடு சரிசமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் மகளுக்கும் பங்கு சேர்த்து எழுதிய அம்பேத்கர், மசோதா நாடாளுமன்றத்தில் முடங்கியதும் 1951-ல் மத்திய அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகன்களுக்கே என்று இருந்ததை அது தொடவில்லை.

இதைப் பிரிவு எண்களால் விளக்கினால் கட்சிக்காரர்களுக்குப் புரியாது. அதனால் ஒரு தாளில் 12 ஏக்கர் என்று எழுதிக்கொள்வேன். அப்பா, அம்மா, இரண்டு மகன், ஒரு மகள். அப்பா இறந்துவிடுகிறார், உயில் இல்லை. 1956 சட்டப்படி முதலில் அப்பாவுக்கும் மகன்களுக்கும் ஆளுக்கு 4 ஏக்கர். அப்புறம் அப்பாவின் 4 ஏக்கரை மட்டும் அம்மா, மகள், மகன்கள் என நால்வருக்கும் ஆளுக்கொரு ஏக்கராகப் பிரிக்க வேண்டும். ஆக, மகன்களுக்கு ஐந்தைந்து ஏக்கர், மகளுக்கு ஒன்று. அந்த ஒரு ஏக்கர்கூட காகிதத்தில்தான் இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டிலோ, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பாகம் கேட்கவே பெண்ணுக்கு உரிமை இல்லை என்று 23-வது பிரிவு தனியாக ஒரு பூட்டும் போட்டிருந்தது.

ஆந்திரத்துக்கு அடுத்து தமிழ்நாடு இதை மாற்றியது. 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவளுக்கு அது இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில், முகூர்த்தத் தேதியை வைத்து ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. வயதில் மூத்தவள், தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவள், அதிகம் படிக்காதவள், சீக்கிரம் கட்டிக்கொடுக்கப்பட்டவள் யாரோ, அவளைத்தான் அந்தக் கோடு வெளியே தள்ளியது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டினால் பாதிக்கப்பட்ட அக்காக்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அமலுக்கு வந்தது. அந்தக் கோடும் போனது, 23-வது பிரிவும் போனது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டை அதற்குப் பிறகும் பதினைந்து வருடம் ஓடியது. தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பின்படியோ பிரித்த பாகப்பிரிவினையையும், அதற்கு முன்பே விற்றுவிட்ட நிலத்தையும் கிளற முடியாது. 'வாய்மொழியாப் பிரிச்சுக்கிட்டோம்' என்று சொன்னால், அரசு ஆவணங்கள் உறுதியாகத் துணை நிற்கும் அபூர்வமான சில வழக்குகள் தவிர, எடுபடாது.

அதே 12 ஏக்கரை இப்போது பிரித்தால் மகன், மகள் எல்லாருக்கும் 3 ஏக்கர் 75 சென்ட். அம்மாவுக்கு 75 சென்ட். முன்பு அம்மாவுக்கு ஒரு ஏக்கர் வந்தது, கவனித்தீர்களா? மகளுக்கு நியாயம் கிடைத்த கணக்கில் தாயின் பங்கு சுருங்கியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது அந்தக் குடும்பத்துக்கு வருவோம். 2021-ல் அக்கா என்னிடம் வந்தார். தங்கையும் கூடவே வந்திருந்தார். காகிதங்களைப் பார்த்தேன். அண்ணன் தம்பிகள் நிலத்தை இன்னும் பிரிக்கவில்லை, விற்கவுமில்லை. இடையில் அம்மாவும் காலமாகியிருந்தார். அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் வர வேண்டும். தங்கைக்கு? 2003-லேயே முழு உரிமை இருந்தவர் அவர்தான், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏமாற்றி வாங்கினார்கள் என்றாலும், உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். அதுவும் தாண்டிவிட்டது. அம்மாவின் சிறு பாகத்திலிருந்து அவருக்கு வர வேண்டியது பத்து சென்ட் கூடத் தேறவில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது.

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்று கேட்டேன். "பங்குன்னு தெரியுங்க. ஆனா அப்ப போடமாட்டேன்னு சொல்லியிருந்தா, என் புள்ளைக்கு யாருங்க மாமன் சீரு கொண்டு வருவாங்க?" என்றார்.

இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். கணவன் அடித்தால், குடித்தால், செத்துப்போனால் அவள் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே இடம் அண்ணன் வீடு. அந்தக் கதவு திறந்திருக்க அவள் கட்டிய பிரீமியம்தான் அந்தப் பாகம். அண்ணன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்கைச் செய்தவள், அவன்மீது வழக்குப் போட்டால் ஊர் அவளைத்தான் பேசும். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஆடிக்கும் தீபாவளிக்கும் வரும் சேலையும், காதுகுத்துக்கு வரும் தட்டு வரிசையும் இன்று பல லட்சம் போகும் தோட்டத்துக்கு ஈடா? சீர் என்பது அன்பு, பாகம் என்பது உரிமை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரதட்சணை கொடுப்பதே 1961 முதல் குற்றம். அதையே பங்குக்கு ஈடாகப் பத்திரத்தில் எழுதுகிறோம்.

அதனால் என்னிடம் வரும் பெண்களிடம் முதலில் சொல்வது, துக்க வீட்டில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பத்திரம் அவசரமே இல்லை, ஆறு மாதம் கழித்தும் போடலாம். வாரிசு சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். மகள்களை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழ்கள் என் கண்ணிலேயே பட்டிருக்கின்றன. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், பட்டா மாறியதாலேயே உங்கள் பாகம் போய்விடாது. விட்டுக்கொடுக்கத்தான் விருப்பம் என்றால் கொடுங்கள், ஆனால் எத்தனை ஏக்கரைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். வழக்குச் செலவுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இது அப்பாவின் பூர்வீகச் சொத்துக்கான கணக்கு. அவர் சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் சம பங்கு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் சட்டம் வேறு, அவர்கள் தனியாக ஆலோசனை கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் முழுதாக மாறிவிடவில்லை. குழந்தை இல்லாத ஒரு விதவை, தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், அது பெற்றவர்களுக்கு முன்னால் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன பெண் அவர். அவர் சேமித்ததெல்லாம் கணவனின் சகோதரி மகன்களுக்கே போனது. சம்பாதிக்கும் பெண்கள் எல்லாரும் உயில் எழுதிவையுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

மாற்றம் வரவில்லையா என்றால், வருகிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் பாகப்பிரிவினைக்கு ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். இப்போது சில அண்ணன்கள், "அக்காவுக்கும் சேர்த்தே எழுதிடுங்க, பின்னால பேச்சு வேண்டாம்" என்று தாங்களாகவே சொல்கிறார்கள். பெரும்பாலும் அவர்களுக்கே பெண் பிள்ளைகள் இருக்கும். ஆனாலும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் நடத்தும் நிலங்கள் எண்ணிக்கையில் 14 விழுக்காடு அளவுதான். வயலில் களை எடுக்கும் கைகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு நேர் எதிராக இருக்கும்.

அந்த அக்காவின் விஷயம் வழக்கு வரை போகவில்லை. நோட்டீஸ் அனுப்பினோம், மூத்த அண்ணன் வந்தார், நான்கு மாதம் பேசினோம். ஒன்றேகால் ஏக்கருக்கு அக்கா ஒத்துக்கொண்டார். தங்கையின் சில சென்ட்டுக்கு அண்ணன்கள் பணமாகக் கொடுத்தார்கள். பத்திரத்தில் தடப் பாத்தியமும், அதாவது நிலத்துக்குப் போய்வரும் வழி உரிமையும், கிணற்றுப் பாகமும் தனித்தனியாக எழுதவைத்தேன், அது இல்லாத நிலம் எங்கள் பக்கம் வெறும் மண். பதிவு முடிந்து வெளியே வந்ததும் அக்கா பத்திரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. கிணத்துத் தண்ணி எனக்கு எந்தக் கெழமைன்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

வியாழக்கிழமை. காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை.