சூராவின் புள்ளிகள்: நிறம் எங்கே கலக்கிறது?

சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ள ‘லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’ ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம். 1884இல் தொடங்கிய இதைப் பிரெஞ்சு ஓவியர் ழோர்ழ் சூரா 1886இல் பாரிசில் காட்சிக்கு வைத்தார். தள்ளி நின்று பார்ப்பவருக்குச் சேன் ஆற்றங்கரைப் புல்வெளியாகத் தெரிவது, நெருங்கிச் சென்றால் பச்சைப் பூச்சின்மேல் இட்ட மஞ்சள், ஆரஞ்சு, நீலப் புள்ளிகளாகப் பிரிந்துவிடுகிறது.

நிறமிகளைக் குழைக்கும்போது ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வதால் கலவை இருண்டுபோகிறது. புள்ளிகளாக வைத்தால் அவற்றிலிருந்து வரும் ஒளிகள் கண்ணில்தான் சேர்கின்றன. ஆனால் இதனால் நிறம் எப்போதும் பளிச்சிடும் என்று பலரும் எழுதுவது சரியன்று. கண்ணுக்குக் கிடைப்பது அந்த ஒளிகளின் சராசரியே. நீலத்தையும் மஞ்சளையும் தட்டில் குழைத்தால் பச்சை வரும். அவற்றையே நுண்புள்ளிகளாகப் பரப்பித் தொலைவிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் சாம்பல்தான் தெரியும்.

அப்படியானால் அந்தப் புல்வெளி ஏன் துடிக்கிறது? புள்ளிகள் முழுமையாகக் கலக்காததே காரணம் என்பது என் கருத்து. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகைக் கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். 2 மில்லிமீட்டர் புள்ளி அந்த அளவுக்குச் சுருங்க, ஏறக்குறைய 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதைவிட நெருங்கி நிற்பவருக்குப் புள்ளிகள் பாதி சேர்ந்தும் பாதி பிரிந்தும் தோன்ற, பரப்பு அதிர்வதுபோல் இருக்கிறது.

இதனுடன் சேர்ந்து செயல்படுவது நிற முரண். பாரிசின் கோப்லேன் திரைச்சீலை நெசவகத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரேல், கறுப்பு நூல் சோபையிழந்து தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறங்களில்தான் இருக்கிறது என்று கண்டார். ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்ற அவருடைய விதி 1839இல் நூலாக வந்தது. சூரா அதைக் கருத்தூன்றிக் கற்றார். ஆரஞ்சுப் புள்ளியின் அருகே நீலம் கூடுதல் நீலமாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் வேதியியல் சூராவுக்கு எதிராகவும் வேலை செய்தது. 1885–86இல் அவர் சேர்த்த துத்தநாக மஞ்சள் என்ற நிறமி விரைவில் பழுப்பேறியது. அது கலந்த ஆரஞ்சும் இளம்பச்சையும் கூடவே மங்கின. சூரா 1891இல் 31 வயதில் மறைந்தார். மறு ஆண்டே விமர்சகர் ஃபெனெயோன், இந்த ஓவியம் தன் ஒளியை இழந்துவிட்டதாக எழுதினார்.