குட்டி வருவதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே பழைய துண்டில் சுருண்ட லாப்ரடார் குட்டி. “ரெண்டு மாசம் ஆச்சுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க டாக்டர்.” வாயைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாதக் குட்டிக்கு 28 பால்பற்களும் முளைத்திருக்கும். இதற்குக் கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தன. மிஞ்சிப்போனால் ஐந்து வாரம்.

எட்டு வாரமாவது தாயோடு இருந்த குட்டியைத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதையே அது கூடப்பிறந்ததுகளைக் கடித்துத்தான் தெரிந்துகொள்கிறது. விற்பவருக்கு அந்தப் பொறுமை இல்லை. குட்டி சின்னதாக இருந்தால்தானே சீக்கிரம் விலைபோகும்!

வந்ததும் பசும்பால் ஊற்றியிருந்தார்கள், ராத்திரியே பேதி. நாயின் தாய்ப்பாலைவிடப் பசும்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம், கொழுப்பும் புரதமும் குறைவு. முன்பு இருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே ஒரு வாரம் கொடுங்கள்; அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய தவறுகள். எனக்கு ஆறாத ஒன்று உண்டு. ஒரு வீட்டில் பார்வோ என்ற குடலைத் தாக்கும் வைரஸ் நோய் வந்து குட்டி இறந்துபோனது. பையன் சாப்பிடாமல் அழுகிறான் என்று மூன்றே வாரத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதே கிண்ணம், அதே சாக்கு. “ஃபினாயில் போட்டு நல்லாக் கழுவிட்டோம் சார்” என்றார் அப்பா. ஆறாம் நாள் அதுவும் வாந்தி, ரத்தபேதியோடு மேஜைமேல் கிடந்தது.

பார்வோ வைரஸ் ஃபினாயிலுக்கு அசையாது. தரை, கிண்ணங்களை முதலில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்தை 30 பங்கு தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சாக்கு, துணியை எரித்துவிடுங்கள். தோட்டத்து மண்ணை எதைப் போட்டுக் கழுவுவது? அதில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, தடுப்பூசி முழுவதும் போட்டு முடித்த நாயைத்தான் கொண்டுவரலாம்.

ஒரு ஊசி போட்டதும் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி ரத்தத்தில் இருக்கும்வரை ஊசியை அது வேலை செய்யவிடாது. எந்தக் குட்டியில் அது எப்போது தீரும் என்று கணிக்க முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை பூஸ்டர் போடுகிறோம். அதுவரை தெருவில் இறக்கிவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, குக்கர் விசில், குழந்தைகள் சத்தம் எல்லாவற்றையும் பழக்குங்கள். அந்த வயதில் பழகாதது பிறகு பயமாக மாறும்.

மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. அதற்கு முன் குட்டியின் பல்லோ நகமோ பட்டு லேசாக ரத்தம் வந்தால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். “குட்டிதானே” என்ற பேச்சே வேண்டாம்.

பிஸ்கட் பெட்டிக்காரர் அன்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தார். “அழுதுக்கிட்டே இருக்கு டாக்டர், வலி மருந்து எதாவது?” மருந்து எதுவும் வேண்டாம், பெட்டியை ஹாலிலிருந்து எடுத்து உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். அப்புறம் போன் வரவில்லை.