நெல்லுக்கு ஏது ‘தலைப்புத் திகதி’?

நெல் பற்றிய துண்டுப்பிரசுரங்களில் ‘தலைப்புத் திகதி’ திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘ஹெடிங் டேட்’ என்பதற்கு அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தலைப்பு இருப்பது பத்திரிகைக்கும் சேலைக்கும்.

ஆங்கிலத்தில் ‘ஹெட்’ தானியக் கதிரையும் குறிக்கும், அவ்வளவுதான். குடலைக்குள், அதாவது இலையுறைக்குள், இருந்த கதிர் வெளியே தலைகாட்டுவது ஹெடிங். விதைத்ததிலிருந்து அதுவரையான நாட்களை எண்ணிச் சொல்வார்கள். ஆகவே ‘திகதி’யும் பொருந்தாது.

ஹெடிங் டேட்டைப் ‘பூக்கும் நேரம்’ என்று எழுதுவோர் விஷயம் தெரிந்தவர்கள்; அதனால்தான் கோபம் கூட வருகிறது. கலப்பின விதை உற்பத்தியில் ஆண்மலட்டுத் தாய் வரிசையும் மகரந்தம் தரும் தந்தை வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒரே நாட்களில் கதிரீன வேண்டும் என்பதற்காக முந்திப் பிந்தி விதைப்பார்கள். சரி, கதிர் வந்துவிட்டது. அப்புறம் பூ திறக்கும் வேளை என்று இன்னொன்று இருக்கிறது. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் திறக்கும். தாய் வரிசையின் பூக்களோ பல வேளைகளில் பிந்தித்தான் திறக்கும். மகரந்தத்துக்குச் சில நிமிட ஆயுள்தான். பூக்கும் நேரம் என்ற பெயர் இதற்கே உரியது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், வாசிப்பவர் விதைப்பு நாளை மாற்றுவதா, மணிக்கூட்டைப் பார்ப்பதா?

தனித்தமிழ்க்காரர் சிலர் ‘பூப்பு நாள்’ என்கிறார்கள். வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து நீராட்டு விழாவும் வைக்கலாம்!

நான் சொல்வது ‘கதிரீனும் நாள்’. பசு ஈனும், வாழை குலை ஈனும், நெல் கதிர் ஈனும். புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. 2000இல் ஜப்பானியர் இனங்கண்ட எச்டி1 என்ற பரம்பரையலகின் (மரபணுவின்) பெயரில் உள்ள ‘எச்டி’யே ஹெடிங் டேட்டின் சுருக்கம்தான். அது குறும்பகலில் கதிரை முந்தவைக்கும், நெடும்பகலில் பிந்தவைக்கும். 2008இல் சீனர் வெளியிட்ட ஜிஎச்டி7 நெடும்பகலில் கதிரைப் பிந்தவைத்து மணிகளைக் கூட்டும். இவற்றைத் ‘தலைப்பு மரபணு’ என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

எங்கள் விவசாயிகள் பிஜி 300ஐ மூன்று மாத நெல், பிஜி 352ஐ மூன்றரை மாத நெல் என்பார்கள். அது வெட்டு வரையான வயது. கதிரீனும் நாள் அதற்கு ஏறத்தாழ 30 நாள் முந்தியது. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இரண்டையும் குழப்புவதையும் பார்க்கிறேன். கொழும்பில் மேசையிலிருந்து எழுதுபவர்கள் வயல் செய்கிற ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? அட்டவணையில் இடம் போதாவிட்டால் ‘கதிர் நாள்’ என்று சுருக்கலாம்.